கைத்தொலைபேசியும் கல்விச் சுற்றுலாவும்

பாடசாலைச் சுற்றுலா, பிள்ளைகள் தம்மைத் தாமே படம் பிடிப்பதோடு முடிந்துவிடுகிறதென்று பெற்றோர் குறைப்படுவதுண்டு. ஆயினும், கைத்தொலைபேசியைக் கல்விக்குத் துணையாக்கவும் வழியுண்டு.

மன்னாரிலுள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010ஆம் ஆண்டு சர்வதேச முக்கியத்துவமுடைய ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மாரிகாலத்தில் வடதிசையிலிருந்து பல்லாயிரம் நீர்ப்பறவைகள் வந்து தங்குகின்றன. அங்கு செல்லும் மாணவன் முதலில் பறவையின் அலகு, கால், நிறம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதட்டும். படம் முந்தினால் பார்வை தளர்ந்துவிடும்.

பின்னர் படம் பிடித்து, 2008ஆம் ஆண்டு அமெரிக்க மாணவர் சிலர் தொடங்கிய 'ஐநேச்சுரலிஸ்ட்' என்னும் செயலியில் இடலாம். கண்ட இடமும் நேரமும் அதிற் பதிவாகும். பெயர் தவறாயின் அறிந்தோர் திருத்துவர். அப்பதிவு ஆராய்ச்சியாளருக்கும் பயன்படும்.

அடுத்த சுற்றுலாவுக்குப் பிள்ளையை அனுப்பும்போது, கைத்தொலைபேசியோடு ஒரு குறிப்பேட்டையும் கொடுத்தனுப்புங்கள்.