இரட்டை மந்திரத்துக்கு யார் நீதிபதி?

சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டுப் பக்கமாகப் போகிறவர்கள், உள்ளே சொத்துத் தகராறு நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். "ஒரு ஆளுன்னுதானே போட்டிருக்கு, ரெண்டு பேருக்கு எப்படிண்ணே கொடுப்பீங்க?" என்று ஒருவர் கேட்பார். "முழுசாப் படிங்கலா" என்று இன்னொருவர் குரலை உயர்த்துவார். சண்டை நிலத்துக்காக அல்ல, ஒரு மந்திரத்துக்காக.

சிம்பாங் ரெங்கத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது ஜொகூர் பாரு, சிங்கப்பூர், குளுவாங் என்று ஆளுக்கொரு திசையில் வேலை. வார இறுதியில் ஊர் திரும்பினால் எங்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு. 1974-இல் அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரின் பெயரில் வெளிவந்தது. ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரம் ஆவார். ஒருவர் கதையை நடத்துவார். நான்கு முகம் முதல் இருபது முகம் வரையிலான பகடைகள் விதியைத் தீர்மானிக்கும். எங்கள் மேசையில் கதை நடத்துபவன் நான். ஆகவே நீதிபதியும் நான்தான், சம்பளம் இல்லாமல்.

அண்மையில் அக்காவின் மகனும் சேர்ந்துகொண்டான். வயது 14. சார்சரர் எனப்படும் பிறவி மந்திரவாதி அவனுடைய பாத்திரம். இந்த வகையினருக்கு மெட்டாமேஜிக் என்றொரு திறன் உண்டு. தெரிந்த மந்திரத்தையே புள்ளிகள் செலவழித்து வளைக்கலாம்: வேகமாக ஏவலாம், சத்தமில்லாமல் ஏவலாம், ஒருவருக்கான மந்திரத்தை இருவருக்கு ஏவலாம். கடைசியாகச் சொன்னதற்கு டுவின்ட் ஸ்பெல் என்று பெயர். வம்பு அங்கேதான்.

நாங்கள் ஆடுவது 2014-ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பு. அதன்படி, ஒரே உயிரைக் குறிவைக்கும் மந்திரமாக இருந்தால், அதன் நிலைக்கு ஈடான புள்ளிகளைக் கொடுத்து இரண்டாவது உயிரையும் குறிவைக்கலாம். மருமகன் வாரக்கணக்கில் திட்டமிட்டு மூன்றாம் நிலையை எட்டியதும், டிராகன்ஸ் பிரெத் மந்திரத்தை இரட்டிப்பாக்க வந்தான். தொடப்பட்டவர் வாயிலிருந்து தீ கக்கும் மந்திரம் அது. "நான் தொடுறது ஒரு ஆளைத்தானே மாமா? அப்போ ரெண்டு பேரைத் தொடுறேன்."

குளுவாங்கில் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்யும் நண்பர் உடனே எழுந்துவிட்டார். தொடப்படுபவர் ஒருவர்தான், ஆனால் அவர் கக்கும் தீயில் நாலைந்து பேர் வேகலாமே என்பது அவர் வாதம். புத்தகத்தின் பிந்திய அச்சுகள் விதியை இறுக்கியிருக்கின்றன. ஏவப்படும் நிலையில் ஒன்றுக்கு மேற்பட்ட உயிரைக் குறிவைக்கவே முடியாத மந்திரமாக இருக்க வேண்டும். அதனால் மேஜிக் மிஸைலின் மூன்று அம்புகளையும் ஒரே பூதத்தின் மீது விட்டாலும் அதை இரட்டிப்பாக்க முடியாது. வடிவமைப்பாளர்கள் வெளியிட்ட விளக்கக் குறிப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மந்திரம் முடிவதற்குள் ஒருவருக்கு மேல் தற்காப்புப் பகடை உருட்ட வைக்குமானால் அது தகுதி இழக்கிறது. அதே குறிப்பு, கடைசி வார்த்தை கதை நடத்துபவருடையது என்றும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

எஸ்.பி.எம். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. உயிரெழுத்தில் முடியும் சொல்லை அடுத்து வல்லினம் மிகும் என்பது பொதுவிதி. வினைத்தொகையில் மிகாது என்பது சிறப்புவிதி. அதனால்தான் ஊறுகாய் ஊறுக்காய் ஆவதில்லை. பொதுவிதியைச் சிறப்புவிதி வெல்லும் என்பதை ஐந்தாம் பதிப்பும் முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடுகிறது. நம் நாட்டின் 1948, 1967 பொருள்விளக்கச் சட்டத்தின் 17ஏ பிரிவோ, சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றும் பொருளையே கொள்ளச் சொல்கிறது. நண்பர் இதையும் மேசைக்கு இழுத்து வந்தார். வாள்வீரராக ஆடுபவர், "பகடையை உருட்டுங்கப்பா" என்று கெஞ்சினார்.

பழைய பதிப்புகளில் சண்டை கணக்கோடு வந்தது. 2000-இல் வெளியான மூன்றாம் பதிப்பில், பத்துப் பகடை உருட்டும் ஃபயர்பாலை மேக்ஸிமைஸ் செய்தால் சேதம் 60. எம்பவர் செய்தால் ஒன்றரை மடங்கு. இரண்டையும் சேர்த்தால்? 90 என்று துள்ளுவோம். விதி அப்படி இல்லை. இரண்டும் தனித்தனியாக வேலை செய்யும்: 60-உடன், உருட்டி வந்ததில் பாதி. சராசரியாக 77 சொச்சம். மூன்றாம் நிலை மந்திரம் இதற்காக எட்டாம் நிலை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கணக்கை அக்கா மகனுக்குச் சொன்னபோதுதான் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. பெரியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள் என்பதில் ஓர் ஆறுதல்.

என் தீர்ப்பு: டிராகன்ஸ் பிரெத்தை இரட்டிப்பாக்க முடியாது. ஆனால் அவன் நம்பித் தேர்ந்தெடுத்த திறனை வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். விதியைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு பிள்ளையை மேசையை விட்டு எழுப்பிவிட எனக்கு மனமில்லை. அவன் ஒரு வாரம் தவணை கேட்டான். அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைப்பதால் படிக்கச் செலவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தவன், "மாத்த வேண்டாம் மாமா" என்றான். அவனிடம் ஏற்கெனவே ஹோல்ட் பெர்சன் இருந்தது. இரண்டாம் நிலையில் ஒரே ஒரு மனிதரை உறைய வைக்கும் மந்திரம். சட்ட நண்பராலும் குறை சொல்ல முடியவில்லை. பாலத்துக் காவலர்கள் இருவரும் சிலையானார்கள். "இதையே மூணாம் நிலையில போட்டா?" என்று நண்பர் கொக்கி போட்டார். நான் வாய் திறப்பதற்குள் பையன் பதில் சொன்னான்: "அப்போ மந்திரமே ரெண்டு பேரைப் பிடிக்கும் அங்கிள். இரட்டிப்பாக்க முடியாது."

இப்போது புதுத் தகராறு. 2024-இல் வந்த புத்தகம் டுவின்ட் ஸ்பெல்லை அடியோடு மாற்றிவிட்டது. மேல்நிலையில் ஏவினால் கூடுதல் ஆளைப் பிடிக்கும் மந்திரங்களுக்கு மட்டுமே அது செல்லும். ஒரே புள்ளியில் வேலை முடிந்துவிடும். ஹோல்ட் பெர்சன் வைத்திருக்கும் பையனுக்குக் கொண்டாட்டம். பின்னாளில் இரட்டை ஹேஸ்ட் கிடைக்கும் என்று காத்திருந்த வாள்வீரருக்குத் திண்டாட்டம். புதிய விதியில் ஹேஸ்ட் சேராது. ஓட்டெடுப்பை இந்தச் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறோம். மீ கோரெங் செய்யும் அக்கா தனக்கும் ஓர் ஓட்டு வேண்டும் என்கிறார்.