அலியா, டைசனா? முதல்ல எந்த அலின்னு சொல்லுங்க

போன வாரம் நைட் ஒரு ரிலீஸ் போயிட்டு இருந்தப்ப எங்க டீம்ல ரெண்டு பேருக்குள்ள செம சண்டை. கோட் பத்தி இல்ல. முகமது அலியும் மைக் டைசனும், ரெண்டு பேரும் உச்சத்துல இருக்கும்போது ரிங்ல இறங்கினா யார் ஜெயிப்பாங்க? ஒரு மணி நேரம் ஓடுச்சு. கடைசியா என்னைக் கேட்டாங்க. நான் சொன்ன பதில் ரெண்டு பேருக்குமே பிடிக்கல. அதைத்தான் இன்னைக்கு விரிவா பேசப்போறோம்.

இந்த மாதிரி கேள்வியை கம்ப்யூட்டர்கிட்டயே கேட்டுப் பார்த்திருக்காங்க. 1960-கள் கடைசியில முர்ரே வோரோனர்னு ஒரு அமெரிக்க ரேடியோ தயாரிப்பாளர், பல காலத்து சாம்பியன்களோட விவரங்களை கம்ப்யூட்டர்ல போட்டு கற்பனைப் போட்டிகள் நடத்தினார். அதுல அலி, 1900-கள் ஆரம்பத்துல சாம்பியனா இருந்த ஜிம் ஜெஃப்ரிஸ்கிட்ட தோத்துட்டதா ரிசல்ட் வந்தது. கடுப்பான அலி கேஸ் போட்டுட்டார்! அப்புறம் சமாதானமாகி, ரிட்டயர் ஆகியிருந்த ராக்கி மார்சியானோவும் அலியும் கேமரா முன்னாடி சண்டை போட்ட மாதிரி நடிச்சாங்க. 1970 ஜனவரியில அமெரிக்க தியேட்டர்கள்ல ஓடின படத்துல 13-வது ரவுண்டுல மார்சியானோ நாக்அவுட் பண்ணி ஜெயிக்கிறார். ஐரோப்பாவுல காட்டின வெர்ஷன்ல அலி ஜெயிக்கிறார். ஒரே இன்புட், ஏரியாவுக்கு ஒரு அவுட்புட். இன்ஜினியரா எனக்கு ரொம்ப பழகின விஷயம்.

சரி, அலி–டைசனுக்கு வருவோம். டைசன் ரசிகர்கள் முதல்ல எடுக்கிற ஆயுதம் பொதுவான எதிராளிகள். லாரி ஹோம்ஸ் 1980-ல அலியை அடிச்சு, 10-வது ரவுண்டோட உட்கார வெச்சார். அதே ஹோம்ஸை 1988-ல டைசன் நாலாவது ரவுண்டுல சாய்ச்சார். ட்ரெவர் பெர்பிக் 1981-ல அலியை பாயின்ட்ஸ்ல ஜெயிச்சார், அதுதான் அலியோட கடைசி மேட்ச். 1986-ல டைசன் இரண்டே ரவுண்டுல பெர்பிக்கை முடிச்சு, 20 வயசுல சாம்பியன் ஆனார். அப்போ கணக்கு சிம்பிள் தானே? இல்ல. ஹோம்ஸ்கிட்ட தோத்தப்ப அலிக்கு 38 வயசு. டைசன்கிட்ட தோத்தப்ப ஹோம்ஸுக்கும் 38 வயசு. இதுல தெரியுறது 38 வயசோட லட்சணம் மட்டும்தான்.

அலி பக்கம் இன்னும் பெரிய ஏமாத்து வேலை நடக்குது. அலி ரசிகர்கிட்ட கேளுங்க, ‘அந்தக் கால் வேகத்துக்கு டைசனால கிட்டவே வர முடியாது’ம்பார். மீறி குத்து விழுந்தா? ‘ஃபோர்மன் குத்தையே தாங்கினவர்ப்பா’ம்பார். கவனிங்க, இது ரெண்டு வேற அலி. பறக்குற அலி 1967-க்கு முந்தின ஆள். 1966 நவம்பர்ல க்ளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூணு ரவுண்டுல முடிச்ச மேட்ச்சைப் போட்டுப் பாருங்க, ஹெவிவெயிட் மாதிரியே இருக்காது. ஃபோர்மனை 1974-ல கின்ஷாசாவுல கயித்துல சாஞ்சு தாங்கினவர் கால் போன அலி. ரெண்டையும் மெர்ஜ் பண்ணி இல்லாத ஒரு வெர்ஷனை ரிங்குக்கு அனுப்புறாங்க.

இந்த ரெண்டு வெர்ஷனுக்கும் நடுவுல என்ன ஆச்சு? வியட்நாம் போருக்கு ராணுவத்துல சேர மாட்டேன்னு சொன்னார். பட்டத்தைப் பிடுங்கினாங்க, லைசன்ஸ் போச்சு. 1967 மார்ச்சுக்கு அப்புறம் 1970 அக்டோபர் வரைக்கும் ஒரு மேட்ச் கிடையாது. 25 வயசுல இருந்து 28 வரை. ஒரு பாக்ஸருக்கு இதைவிட நல்ல வருஷங்கள் கிடையாது. அதாவது அலியோட உண்மையான ப்ரைமை யாருமே பார்க்கல.

டைசனுக்கும் வெர்ஷன் உண்டு. பயிற்சியாளர் கெவின் ரூனி கூட இருந்த வரைக்கும், அதாவது 1988 முடிவு வரைக்கும், தலை ஒரு இடத்துல நிக்காது. கஸ் டமாட்டோ சொல்லிக்கொடுத்த பீகபூ ஸ்டைல்: ரெண்டு கையும் கன்னத்துல, உடம்பு ஊஞ்சல் மாதிரி, அப்படியே உள்ள நுழைஞ்சு கொத்தா குத்துறது. மைக்கேல் ஸ்பிங்ஸை 91 செகண்ட்ல முடிச்சது அந்த டைசன். அப்புறம் வந்தவர் ஒரே பெரிய குத்தைத் தேடி நடந்தவர். 1990 டோக்கியோவுல பஸ்டர் டக்ளஸ் அவரை ஜாப் வெச்சே தூரத்துல நிறுத்தி 10-வது ரவுண்டுல சாய்ச்சார். (ஜாப்னா வேலை இல்லீங்க, முன்கையால டக்குனு விடுற நேர் குத்து.)

இப்போ மோத விடுவோம். 1966 அலி, 1988 டைசன். உயரம் அலி 191 செ.மீ., டைசன் 178. கை வீச்சுல அலிக்கு சுமார் 18 செ.மீ. அதிகம். ஆனா அலிக்கு ஒரு பழைய பக் இருந்தது, கடைசி வரை சரியாகல: வலது கையைத் தாழ்த்திட்டு நேரா பின்னால சாயுறது. அதனால லெஃப்ட் ஹூக் விழும். 1962-ல சன்னி பேங்க்ஸ், 1963-ல ஹென்றி கூப்பர், 1971-ல ஜோ ஃப்ரேசியர், மூணு பேரும் அவரைக் கீழே தள்ளினது லெஃப்ட் ஹூக்கால தான். டைசனோட லெஃப்ட் ஹூக் எப்படின்னு பெர்பிக்கைக் கேளுங்க, ஒரே அடிக்கு மூணு தடவை எழுந்து விழுந்தார்.

அதனால முதல் நாலு ரவுண்டு அலிக்கு நிஜமான ஆபத்து. அதைத் தாண்டிட்டா கதை மாறும். 1986-ல ஓடி ஓடி சண்டை போட்ட ஜேம்ஸ் டில்லிஸ் 10 ரவுண்டு நின்னார். அடுத்த வருஷம் போன்க்ரஷர் ஸ்மித் 12 ரவுண்டும் கட்டிப்பிடிச்சே ஓட்டினார். இவங்கள்லாம் தோத்தாங்க, ஆனா டைசனை எப்படி மந்தமாக்குறதுன்னு காட்டிட்டாங்க. அந்த ரெண்டு வேலையும் அலிக்கு வரும், கூடவே குத்தவும் தெரியும். 10-வது ரவுண்டுக்கு மேல அலி நிறுத்துவார், இல்லாட்டி பாயின்ட்ஸ்ல ஜெயிப்பார்ங்கிறது என் கணிப்பு.

ஆனா அலியை 1971-ல இருந்து கூட்டிட்டு வந்தீங்கன்னா என் காசு டைசன் மேல. டைசன் மாதிரியே குள்ளமா, குனிஞ்சு உள்ள வந்து ஹூக் போடுற ஃப்ரேசியர்கிட்ட அந்த வருஷம் அலி தோத்தார். டைசன் கை அதைவிட வேகம். இதைச் சொன்னதும் டீம்ல ரெண்டு பேரும் என்னை முறைச்சாங்க.

இன்னொண்ணு. ‘தாங்கினார்’னு நாம ப்ளஸ் பாயின்ட்டா எழுதுறோமே, அது சும்மா கிடைச்சதில்ல. 1977-ல எர்னி ஷேவர்ஸோட 15 ரவுண்டு அடி வாங்கினதுக்கு அப்புறம், கூடவே இருந்த டாக்டர் ஃபெர்டி பச்சேகோ நிறுத்தச் சொல்லிட்டு கேம்ப்பை விட்டே போயிட்டார். அலி நிறுத்தல. 1984-ல பார்க்கின்சன் நோய்னு கண்டுபிடிச்சாங்க. குத்துகள்தான் காரணமான்னு மருத்துவ உலகத்துல விவாதம் உண்டு. ஆனா கால் இருந்திருந்தா அவ்வளவு குத்து வாங்கியிருக்கத் தேவையே இல்ல.

அலி 1980-ல மெட்ராஸ் வந்து, நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட ஒரு காட்சிப் போட்டி ஆடினார். எங்க பெரியப்பா அன்னைக்குக் கூட்டத்துல இருந்தவர். அவர்கிட்ட இந்த வெர்ஷன் கதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, ‘அலிதான்டா’ன்னு சொல்லிட்டு பேப்பர் படிக்கப் போயிட்டார்.