அன்னைக்குத் தந்த வாக்கும் அலைகடலும்



நோயுற்ற தாய்க்குப் பிள்ளை அளிக்கும் வாக்கு எத்துணை கனமானது என்பதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய வாக்கு ஒன்று ஓர் ஓவியரைக் கடலின் காவலராக்கிய வரலாற்றை இவ்வாரம் சிந்திப்போம்.

ஸாரியா போர்மன் 1982 இல் பிறந்த அமெரிக்க ஓவியர். அவருடைய அன்னை ரீனா பாஸ் போர்மன், தொலைதூர நிலங்களைப் படம்பிடித்த புகைப்படக் கலைஞர். வில்லியம் பிராட்போர்ட் என்னும் ஓவியர் 1869 இல் கப்பலேறிச் சென்று வடதுருவப் பகுதியின் பனிக்கரைகளை வரைந்தார். அதே வழியில் தாமும் செல்லவேண்டும் என்பது ரீனாவின் பேராவல். பயணம் கைகூடுமுன் மூளைப் புற்றுநோய் அவரைப் பற்றிக்கொண்டது. 2011 இல் அவர் மறைந்தார். அப்பயணத்தைத் தாம் நிறைவேற்றுவதாக மகள் வாக்களித்திருந்தார். 2012 ஓகஸ்டில் கலைஞர் குழுவொன்றுடன் கிறீன்லாந்தின் வடமேற்குக் கரையோரமாகப் பயணித்து, அந்தப் பனிப் பிரதேசத்திலே அன்னையின் சாம்பலைத் தூவினார்.

வாக்கு நிறைவேறிற்று, ஆனால் பணி அங்கே முடியவில்லை. பனி உருகும் இடத்தைக் கண்டவர், கடல் உயர்வதால் துன்புறும் இடத்தையும் காண விரும்பினார். 2013 இல் நமது அயல்நாடாகிய மாலைதீவுக்கு வந்தார். அந்நாட்டு நிலத்தின் ஐந்தில் நான்கு பங்கு கடல்மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரங்கூட இல்லாதது. தம் நாட்டின் நிலையை உலகுக்கு உணர்த்த, 2009 ஒக்டோபரில் அதன் அமைச்சரவை கடலுக்கடியில் கூடியதை நீங்கள் நினைவுகூரலாம்.

கிறீன்லாந்துக்கும் மாலைதீவுக்கும் என்ன தொடர்பு? குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் உயர்வதில்லை. ஆனால் நிலத்தின்மேல் படிந்துள்ள பனி உருகிக் கடலில் கலக்கும்போது மட்டம் உயர்கிறது. வெப்பமடைந்த கடல்நீரும் விரிவடைகிறது. கிறீன்லாந்தின் பனி முழுவதும் உருகுமாயின் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 7 மீற்றர் உயரும் என்பது அறிவியலாளர் கணிப்பு. அது ஒரு நாளில் நிகழ்வதன்று. எனினும் உருகுதல் தொடங்கிவிட்டது. மாலைதீவைச் சூழ்ந்த இந்து சமுத்திரமே நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் எம் மீனவக் குடும்பங்களின் வாசலைத் தொடுகிறது.

போர்மன் வரைவதற்குத் தூரிகையை நாடுவதில்லை. வெண்கட்டியைப் போன்ற மென்மையான பேஸ்டல் வண்ணக்கட்டிகளைத் தாளிலே பூசி, விரல்களாலும் உள்ளங்கையாலும் தேய்த்துத் தேய்த்து நீரின் ஒளியையும் பனியின் நீலத்தையும் உருவாக்குகிறார். அன்ராட்டிக் பனிக்கடலை வரைந்த அவருடைய படமொன்று 7 அடி உயரமும் 12 அடி அகலமும் கொண்டது. அதன்முன் நிற்பவர் அக்கடலின் எதிரிலேயே நிற்பதாக உணர்வர். மாலைதீவுப் படங்களில் கரையை நோக்கி அலைகள் வருகின்றன. அழிவைக் காட்டி அச்சுறுத்துவதிலும் அழகைக் காட்டி அன்புகொள்ளச் செய்வதையே அவர் தெரிந்துகொண்டார்.

ஓவியத்தால் உருகும் பனி மீண்டும் உறைந்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். உறையாது. ஆனால் மனிதர் தாம் நேசிப்பதையே பாதுகாக்கின்றனர். உற்று நோக்குவதையே நேசிக்கின்றனர். நம் ஆண்டவரும் கவலையுற்ற மக்களிடம், வயல்வெளி மலர்களை உற்று நோக்குமாறு அல்லவா பணித்தார் (மத்தேயு 6:28)? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலிலும் இவ்வுண்மை வலியுறுத்தப்படுகிறது. அழகின்முன் நின்று வியக்கக் கற்றுக்கொள்ளாதவன், எதையும் பயன்படுத்தி எறியும் பொருளாகவே கருதுவான் என்பது அவருடைய எச்சரிக்கை.

பெற்றோரே, கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறீர்கள். தின்பண்டம் வாங்கிக் கொடுக்கிறீர்கள். அதன் உறை மணலிலே விழும்போது என்ன செய்கிறீர்கள்? அந்த உறையைப் பொறுக்கச் சொல்வதற்கு முன்பாக, சிறிது நேரம் பிள்ளையுடன் அமர்ந்து அலைகளைப் பாருங்கள். அவற்றின் நிறத்தைச் சொல்லச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் வரையச் சொல்லுங்கள். கண்டு வியந்த பிள்ளை, பொறுக்கச் சொல்லாமலே பொறுக்கும்.

ஒரு தாய் தாம் காண ஏங்கியதைத் தம் மகளின் கண்களுக்கு விட்டுச்சென்றார். நம் பிள்ளைகளின் கண்களுக்கு நாம் எதை விட்டுச்செல்லப் போகின்றோம்? பண்படுத்தவும் காக்கவும் இவ்வுலகை நம் கையில் ஒப்படைத்த இறைவன் (தொடக்கநூல் 2:15), அதனை உற்று நோக்கும் கண்களையும் நமக்கு அருள்வாராக.