தன் மகரந்தத்தை ஏற்காத செடி

நாம் நாள்தோறும் அருந்தும் தேநீர் எச்செடியிலிருந்து கிடைக்கிறது என்பதை யாவரும் அறிவர். அச்செடி பூக்கும் என்பதைப் பலர் அறியார். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாழ்வோர்கூட அப்பூவைக் கவனிப்பது அரிது. கொழுந்து பறிபட்டும் கவ்வாத்து வெட்டப்பட்டும் இடுப்பளவில் நிற்கும் செடிக்குப் பூத்துக் குலுங்க அவகாசம் ஏது? வெட்டாது விட்டால் அது மரமாக வளர்ந்து, மஞ்சள் கேசரங்கள் செறிந்த வெண்மலர்களைச் சொரியும்.

அம்மலரில் ஒரு விந்தை உண்டு. ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒரே பூவில் இருந்தும், தன் மகரந்தத்தால் அது பெரும்பாலும் காய்ப்பதில்லை. மகரந்தம் முளைத்து, நுண்ணிய குழாயாக நீண்டு சூலகம்வரை செல்கிறது. அங்கே கருக்கட்டல் மட்டும் நிகழாது போகிறது. ஈயோ தேனீயோ வேறொரு செடியின் மகரந்தத்தைக் கொணர்ந்தாலன்றி விதையில்லை. ஆதலின் ஒவ்வொரு விதையும் இரு செடிகளின் கலப்பு. ஒரே தாயின் விதைகளை ஒரே பாத்தியில் இட்டாலும் ஒன்றைப்போல் மற்றொன்று இராது.

தேயிலைக்கு முன் மலைநாட்டை நிறைத்திருந்த அராபிக்காக் கோப்பியோ இதற்கு நேர்மாறானது. அது தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. செடிக்குச் செடி வேற்றுமை மிகக் குறைவு. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் துருநோய் தோன்றியது. ஒரு செடி தாங்காததை அடுத்த செடியும் தாங்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அத்தொழில் நொடித்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலையே பின்னர் அவ்விடத்தைப் பிடித்தது.

எனினும் விதைத் தேயிலையின் வேற்றுமை தோட்டத்துக்குத் தொல்லையே. ஒரு செடி தளிர்க்கையில் அடுத்தது உறங்கும். கூடை சுமந்து நிறைக்காகப் பறிக்கும் பெண்ணுக்கு அது எத்துணைச் சிரமம்! எனவே, 1925இல் நிறுவப்பெற்றுத் தலவாக்கலை சென். கூம்ஸில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், சிறந்த செடியைத் தெரிந்து, ஓரிலையுடன் கூடிய தண்டுத் துண்டுகளால் அதைப் பெருக்கும் முறையைப் பரப்பியது. தோட்டத்தார் ‘வீ.பி. தேயிலை’ என்பது இதனையே. ஒரு செடியின் துண்டுகளால் நிறைந்த மலைச்சரிவு, உண்மையில் ஆயிரமாயிரம் முறை நடப்பட்ட ஒரே செடிதான். தளிரும் ஒருங்கே வரும். நோய் வரின் அதுவும் அப்படியே.

வேடிக்கை யாதெனில், பெயர்பெற்ற ‘ரீ.ஆர்.ஐ. 2025’ வகையே பூச்சிகள் விரும்பியவாறு மகரந்தம் சேர்த்த விதையொன்றிலிருந்து பிறந்தது. கலப்பு தந்ததைத்தான் நாம் கலப்பின்றிப் பெருக்குகிறோம்.

விதைத் தேயிலைக்கு ஆணிவேர் ஆழச் செல்லும். துண்டிலிருந்து வளர்ந்ததற்கு ஆணிவேர் இல்லை. வறட்சியில் இந்த வேறுபாடு புலப்படும். ஆயினும் பழைய மலைகளை மறுநடுகைக்காகப் பிடுங்கும்போது, முதலில் வேரோடு போவது அந்த விதைத் தேயிலையே. ஒன்றையொன்று ஒவ்வாத அந்தக் கிழட்டுச் செடிகளுள் சிலவற்றின் துண்டுகளையேனும், பிடுங்குமுன் வெட்டியெடுத்து வேறிடத்தில் நட்டு வைக்கலாம். அதற்குப் பெருஞ்செலவும் இல்லை.