சீன எழுத்துக் குறியேற்றமும் உறவுநிலைத் தரவுத்தளமும்

1. முன்னுரை

அகராதிகளும் கலைச்சொல் தொகுதிகளும் இன்று உறவுநிலைத் தரவுத்தளங்களில் சேமிக்கப்படுகின்றன. சீன மொழித் தரவை அவற்றில் இடும்போது எழுத்துகள் சிதைவதும் பெயர்கள் பாதியில் அறுபடுவதும் உண்டு. எழுத்து என்னும் மொழி அலகையும் பைட்டு என்னும் சேமிப்பு அலகையும் ஒன்றெனக் கொள்வதே இதற்கு அடிப்படைக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. குறியேற்ற முறைகள்

ஒரு பைட்டு 256 மதிப்புகளையே தரவல்லது. சீனத்திற்கோ பல்லாயிரம் குறிகள் வேண்டும். எனவே சீனாவில் 1980இல் வகுக்கப்பட்ட ஜிபி 2312 தரம் 6,763 சீன எழுத்துகளுக்கு இவ்விரண்டு பைட்டுகளை ஒதுக்கியது. தைவானில் 1984இல் உருவான பிக்-ஃபைவ் முறை ஏறத்தாழ 13,000 எழுத்துகளைக் கொண்டது. யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் வழக்கிலுள்ள சீன எழுத்துகள் மூன்று பைட்டுகளும், 2001இல் 'விரிவு பி' எனச் சேர்க்கப்பட்ட 42,711 அரிய எழுத்துகள் நான்கு பைட்டுகளும் பெறுகின்றன.

3. சிக்கல்கள்

3.1 பைட்டு மயக்கம்: பிக்-ஃபைவ் முறையில் இரண்டாம் பைட்டு ஆஸ்கி எல்லைக்குள் அமையலாம். 'சாதனை' எனப் பொருள்படும் 'கொங்' எழுத்தின் பைட்டுகள் 165, 92 ஆகும். ஆஸ்கியில் 92 பின்சாய்கோடு. குறியேற்றம் அறியாத நிரல் அதனை விடுபடு குறியாகக் கொண்டு, அடுத்துவரும் மேற்கோள்குறியை விழுங்கிவிடும். கட்டளையின் அமைப்பே குலையும். யுடிஎஃப்-8இல் இம்மயக்கம் இல்லை. அதில் பல பைட்டு எழுத்தின் ஒவ்வொரு பைட்டும் 128 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புடையது.

3.2 நீளம்: ஆரக்கிள் தரவுத்தளத்தில் புலத்தின் நீளம் இயல்பாகப் பைட்டுகளில் கணக்கிடப்படும். பத்து என வரையறுத்த புலத்தில் யுடிஎஃப்-8 முறையில் மூன்று சீன எழுத்துகளே அடங்கும். சீன-தமிழ்ச் சொற்பட்டியல் அமைப்போர் தமிழ்ப் புலத்திற்கும் இதனைக் கருத வேண்டும். 'கொ' என்னும் ஓரெழுத்தே ஆறு பைட்டுகள் கொள்ளும்.

3.3 வரிசை: ஜிபி 2312இன் முதற்பகுதியிலுள்ள 3,755 எழுத்துகள் ஒலிப்பு முறையிலும், எஞ்சிய 3,008 எழுத்துகள் வேருரு முறையிலும் அடுக்கப்பட்டுள்ளன. பைட்டு மதிப்பைக் கொண்டு வரிசைப்படுத்தினால் ஒரே அகராதியில் இருவேறு அகரநிரல்கள் அமைந்துவிடும். ஆதலின் வரிசை விதியைத் தனியே குறிப்பிடுதல் வேண்டும்.

3.4 விடுபாடு: சீனப் பிரதமராக 1998 முதல் 2003 வரை இருந்த ஜு ரோங்ஜியின் பெயரிலுள்ள நடு எழுத்து ஜிபி 2312இல் இல்லை; பின்வந்த ஜிபிகே முறையிலேயே இடம்பெற்றது. மைஎஸ்க்யூஎல்லில் 'யுடிஎஃப்8' எனப் பெயரிட்ட குறியேற்றம் மூன்று பைட்டுகளையே ஏற்றது. நான்கு பைட்டு எழுத்து வந்தால், கண்டிப்பு முறையில் பிழை காட்டப்படும். மற்ற முறையில் அவ்வெழுத்தும் அதன் பின்னுள்ளவையும் துண்டிக்கப்படும். இக்குறையை நீக்க 2010இல் 'யுடிஎஃப்8எம்பி4' சேர்க்கப்பட்டது.

4. முடிவுரை

உள்ளீட்டுக் கோப்பு, தரவுத்தள இணைப்பு, சேமிப்புப் புலம் ஆகிய மூன்றிலும் குறியேற்றம் உள்ளது உள்ளவாறு அறிவிக்கப்பட வேண்டும். ஒன்றில் தவறாக அறிவிப்பினும் பொருந்தா மாற்றம் நிகழும். மாற்றத்தில் வினாக்குறியாகிவிட்ட எழுத்தை மீட்டெடுக்க வழியில்லை. ஆகவே மூலக் கோப்பை மாற்றாது பேணுதலும், அரிய எழுத்துகளைக் கொண்ட மாதிரிப் பட்டியலால் முன்கூட்டியே சோதித்தலும் இன்றியமையாதன. ஒருவரின் பெயர் அவர் எழுதியவாறே பதிவாவது இக்கவனத்தைப் பொறுத்ததாகும்.