உயிரினங்களைத் தானியங்கி முறையில் இனங்காணல்

உயிரினங்களைத் தானியங்கி முறையில் இனங்காணல் என்பது, ஒரு தாவரமோ விலங்கோ எந்தச் சிற்றினத்தைச் சேர்ந்தது என்பதை அதன் ஒளிப்படம், ஒலிப்பதிவு அல்லது மரபணுத் தரவைக் கொண்டு கணினி வழியாகக் கண்டறியும் முறை ஆகும். வகைப்பாட்டியல் வல்லுநர் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து செய்துவந்த வேலையின் ஒரு பகுதியை இன்று கைபேசிச் செயலிகள் சில நொடிகளில் செய்கின்றன. எனினும், இக்கணினிகள் புதிய பெயர் எதையும் சூட்டுவதில்லை. வல்லுநர்கள் ஏற்கெனவே பெயரிட்டு வைத்தவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்து தருகின்றன.

தேவை

பூமியில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள இனங்கள் ஏறத்தாழ 12 இலட்சம் என்றும், உண்மையில் வாழ்பவை சுமார் 87 இலட்சமாக இருக்கலாம் என்றும் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெயரிடப்பட்டவற்றையும் அடையாளம் காணக்கூடியவர்கள் மிகச் சிலரே. ஒட்டுண்ணிக் குளவிகள், சிறு ஈக்கள் போன்ற குழுக்களுக்கு உலக அளவிலேயே விரல்விட்டு எண்ணத்தக்க வல்லுநர்கள்தாம் உள்ளனர். காட்டில் ஓர் இரவு வைத்த விளக்குப்பொறியில் விழும் பூச்சிகளைப் பெயர் வாரியாகப் பிரிக்க மாதங்கள் ஆகலாம்.

இதற்கெனப் பழங்காலம் தொட்டு இருக்கும் கருவி, இருகிளை அடையாளத் திறவுகோல் ஆகும். ‘இலை எதிரெதிராக அமைந்ததா, மாறி மாறி அமைந்ததா’ என ஒவ்வொரு படியிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பெயரை அடையும் இம்முறையை, இலமார்க் 1778-இல் பிரான்சின் தாவரங்களைப் பற்றிய நூலில் விரிவாகப் பயன்படுத்தினார். துறைச் சொற்கள் தெரியாதவருக்கு இத்திறவுகோல் எளிதில் பயன்படாது.

தொடக்க முயற்சிகள்

அளவுகளைக் கொண்டு இனங்களைப் பிரிக்கும் கணிதத்திற்கு அடிப்படையிட்டவர்களுள் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் முக்கியமானவர். எட்கர் ஆண்டர்சன் என்னும் தாவரவியலாளர் அளந்து வைத்திருந்த 150 ஐரிஸ் மலர்களின் அளவுகளை அவர் 1936-இல் எடுத்தாண்டார். மூன்று இனங்கள், இனத்திற்கு 50 மலர்கள். ஒவ்வொரு மலருக்கும் புல்லி இதழின் நீளம், அகலம், அல்லி இதழின் நீளம், அகலம் என நான்கே எண்கள். அவற்றைத் தக்க விகிதத்தில் கூட்டிக் கிடைத்த ஒரே எண்ணைக் கொண்டு ஓர் இனத்தை முழுமையாகப் பிரித்துவிட முடிந்தது. மற்ற இரண்டும் எல்லையில் சற்றே கலந்து நின்றன. கணினிக் கல்வி பயிலும் மாணவர்கள் இன்றும் இதே 150 மலர்களில்தான் கைபழகுகின்றனர்.

1990-களில் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துடன் இணைந்து ‘டெய்சி’ என்னும் மென்பொருள் உருவானது. கோஸ்டா ரிக்காவின் ஒட்டுண்ணிக் குளவிகளை அடையாளம் காண்பது அதன் தொடக்கப் பணிகளுள் ஒன்று. மனித முகங்களை அடையாளம் காணப் பயன்பட்ட கணித முறையைத் தழுவி, அது குளவியின் இறகை ஒப்பிட்டது. இறகைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உடல் உலர்ந்து சுருங்கும், கால்கள் ஒடியும், நிறம் மங்கும். இறகோ தட்டையானது, நரம்புகளின் அமைப்பு ஓர் இனத்திற்குள் அதிகம் மாறாது. அதே காலப்பகுதியில் செருமனியின் பான் நகரில் தேனீக்களின் இறகு நரம்புகளைக் கொண்டு இயங்கும் அமைப்பு ஒன்றும் உருவாக்கப்பட்டது.

இவற்றில் எந்த உறுப்பை நோக்க வேண்டும் என்பதை மனிதரே முடிவு செய்தனர். 2012-க்குப் பின் பரவிய ஆழக்கற்றல் முறையில் அந்த முடிவும் கணினியிடம் சென்றது. பெயர் குறிக்கப்பட்ட ஏராளமான படங்களைக் காட்டினால், எந்தக் கோடும் புள்ளியும் இனங்களைப் பிரிக்கின்றன என்பதைச் செயற்கை நரம்பணு வலைப்பின்னல் தானே கண்டுகொள்கிறது.

இன்றைய பயன்பாடு

தாவரங்களுக்கான ‘பிளான்ட்நெட்’ செயலி 2013-இல் பிரான்சில் வெளிவந்தது. அனைத்து உயிரினங்களுக்குமான ‘ஐநேச்சுரலிஸ்ட்’ 2017-இல் கணினிப் பரிந்துரைகளை வழங்கத் தொடங்கியது. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ‘மெர்லின்’ செயலி 2021 முதல் பறவைகளை ஒலியாலும் கண்டறிகிறது. இங்கும் நடப்பது பட ஒப்பீடுதான்: ஒலியின் அதிர்வெண் நேரத்தோடு மாறுவதை ஒரு படமாக வரைந்து, அப்படத்தைக் கணினி ஆராய்கிறது.

தான்சானியாவின் செரெங்கெட்டியில் தானியங்கிக் கேமராக்கள் எடுத்த 32 இலட்சம் படங்களைக் கொண்டு நடந்த ஆய்வு, 2018-இல் வெளியானது. தனக்கு உறுதியாகத் தெரிந்த படங்களுக்கு மட்டும் கணினி விடையளிக்குமாறு செய்தபோது, 99.3 விழுக்காடு படங்களை அது தன்னார்வலர்களுக்கு நிகரான துல்லியத்துடன் (96.6 விழுக்காடு) வகைப்படுத்தியது. எஞ்சியவை மனிதரிடம் தரப்பட்டன. இந்தப் பங்கீடே இத்துறையில் கிடைத்த மிகப் பயனுள்ள பாடம் எனலாம்.

தவறுகள் எழும் விதம்

கணினி தான் கற்ற பட்டியலுக்குள்ளேயே விடை தேடும். ஆயிரம் இனங்களைக் கற்ற ஒரு வழக்கமான அமைப்பு, தன்னிடமுள்ள 100 விழுக்காடு நம்பிக்கையை அந்த ஆயிரத்துக்குள் பங்கிடும். பட்டியலில் இல்லாத பூச்சியைக் காட்டினாலும், அதற்கு நெருங்கிய ஒன்றின் பெயரைத் தயங்காமல் கூறக்கூடும். அறிவியலுக்கே புதிதான ஓர் இனம் இவ்வாறு பழைய பெயருக்குள் மறைந்துபோகலாம். தயக்கம் வரும்போது இனத்தின் பெயரை விட்டுப் பேரினத்தை மட்டும் கூறும் ஐநேச்சுரலிஸ்டின் வழக்கம் இதற்கு ஓரளவு தீர்வாகும்.

பின்னணியும் கணினியை ஏமாற்றுகிறது. புல்வெளியில் நிற்கும் மாட்டை எளிதில் அறியும் அமைப்பு, கடற்கரையில் நிற்கும் மாட்டைத் தவறவிட்டது 2018-இல் எடுத்துக்காட்டப்பட்டது. ஓரிடத்துக் கேமராப் படங்களில் பயின்ற அமைப்பை வேறிடத்தில் பயன்படுத்தினால் துல்லியம் குறைவதும் அதே ஆய்வில் தெரியவந்தது. மேலும், அதிகம் படம் எடுக்கப்படுபவை வட அமெரிக்கா, ஐரோப்பாவின் பறவைகளும் பூக்களுமே. இனங்கள் செறிந்த வெப்பமண்டலக் காடுகளுக்குப் படங்கள் குறைவு.

படத்தில் இல்லாத வேறுபாட்டை எவ்வளவு நல்ல கணினியாலும் காண முடியாது. கோஸ்டா ரிக்காவில் 1775 முதல் ஒரே இனமாகக் கருதப்பட்ட நீலநிற வண்ணத்துப்பூச்சி ஒன்று, 2004-இல் மரபணு ஒப்பீட்டின்படி பத்து இனங்கள் என அறிவிக்கப்பட்டது. வளர்ந்த பூச்சிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. புழுக்களின் நிறமும் அவை தின்ற செடிகளும் வேறுபட்டன. எண்ணிக்கை பத்துதானா என்பதில் பின்னர் கருத்து வேறுபாடு எழுந்தாலும், பழைய ஒற்றைப் பெயர் நிலைக்கவில்லை.

பாம்புகளின் நிலை

தவறான பெயர் உயிருக்கே ஆபத்தாகும் இடம் பாம்புகள். கட்டுவிரியனும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனும் கரிய உடலில் வெண்பட்டைகள் கொண்டவை. கட்டுவிரியனின் பட்டைகள் தலைப்பக்கம் மங்கும். மற்றதில் வால்பக்கம் மங்கும். கட்டுவிரியனின் முதுகு நடுவே பெரிய அறுகோணச் செதில்கள் வரிசையாக இருக்கும். இரவில், பதற்றத்தில், பாம்பின் பாதி உடலை மட்டும் எடுத்த படத்தில் இவை எதுவும் தெரியாமல் போகலாம்.

இந்தியாவில் வழங்கப்படும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. ஆகவே இந்நான்கில் எது கடித்தது என்பது மருந்தை மாற்றுவதில்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள, மூக்கு நுனி மேல்நோக்கி எழுந்த சிறிய குழிவிரியனின் நஞ்சை அம்மருந்து முறிப்பதில்லை. சுருட்டை விரியன் எனத் தவறாகக் கருதப்பட்டு, பயனில்லாத மருந்து தரப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. படம் கிடைத்தால் மருத்துவர்கள் அதைப் பார்க்கின்றனர். எனினும் வீக்கம், கண் இமை சரிதல் போன்ற அறிகுறிகளையும், இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா எனப் பார்க்கும் சோதனையையும் கொண்டே சிகிச்சையை முடிவு செய்கின்றனர். பாம்பைப் படம் எடுப்பதற்காக அதை நெருங்குவதும், மருத்துவமனைக்குச் செல்வதைத் தாமதிப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை.