மூன்று வாரப் படுக்கை, முப்பது வருட மூப்பு!

பந்தயம் முடிந்தது. பதக்கம் சுவரில் தொங்குகிறது. "அப்பாடா!" என்று படுக்கிறான் வாலிபன். அடுத்த பந்தயத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதுவரை ஓய்வுதான்!

இந்த ஓய்வு நல்லதா?

டிரையத்லான் என்ற பந்தயம் இப்போது இளைஞர்களைக் கவர்ந்து வருகிறது. முதலில் நீந்த வேண்டும். ஈர உடம்போடு சைக்கிளில் ஏற வேண்டும். இறங்கியதும் ஓட வேண்டும். 2000-ம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக் பந்தயம் ஆயிற்று. நீச்சல் 1½ கிலோமீட்டர், சைக்கிள் 40 கிலோமீட்டர், ஓட்டம் 10 கிலோமீட்டர்.

இதற்குப் பல மாதம் பாடுபட வேண்டும். அப்படிச் சேர்த்த பலம் சில வாரங்களில் கரைந்துவிடும் என்றால் நம்ப முடிகிறதா?

ஐந்து வாலிபர்கள்

1966-ம் ஆண்டு அமெரிக்காவில் டல்லஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. 20 வயதுள்ள ஐந்து வாலிபர்களை டாக்டர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். பிராணவாயுவை இழுத்துப் பயன்படுத்தும் சக்தி அவர்களுக்குக் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது!

30 ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரையும் மீண்டும் சோதித்தார்கள். வயது 50 ஆகியிருந்தது. ஆனால் 20 வயதில் இருந்ததைவிட அந்தச் சக்தி சுமார் 12 சதவீதமே குறைந்திருந்தது. அதாவது, 30 ஆண்டு மூப்பைவிட மூன்று வாரப் படுக்கை அதிகக் கெடுதல் செய்திருந்தது!

வீரர்களும் தப்பவில்லை

படுக்காமல், பயிற்சியை மட்டும் நிறுத்தினால்? நன்றாகப் பழகிய ஏழு வீரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 1984-ல் வெளிவந்தது. மூன்றே வாரத்தில் சக்தி 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் 16 சதவீதம் போயிற்று.

காரணம் என்ன? பயிற்சியை நிறுத்தியதும் உடலில் ரத்தத்தின் அளவு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தமும் குறைகிறது. பிறகு தசைகளும் சோர்கின்றன.

இரண்டு நாள் போதும்

அப்படியானால் வருடம் முழுவதும் பாடுபட வேண்டுமா? வேண்டாம்! 1981-ல் வெளிவந்த சோதனை ஒன்று நல்ல வழி காட்டியது. சிலர் வாரம் ஆறு நாள் வீதம் பத்து வாரம் பயிற்சி செய்தார்கள். பிறகு 15 வாரம் இரண்டு நாள் மட்டுமே செய்தார்கள். சக்தி குறையவில்லை! ஆனால், பயிற்சியின் கடுமையைக் குறைத்தவர்கள் சக்தியை இழந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது.

ஆகவே, பந்தயம் முடிந்ததும் சில நாள் நன்றாக ஓய்வு எடுக்கலாம். பிறகு நாட்களைக் குறைக்கலாம். வேகத்தை விடக் கூடாது.

சைக்கிள் பிறந்த ஊர்

அம்பத்தூர்வாசிகளுக்கு இது கஷ்டமா? 1949-ல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தொடங்கிய ஊர் அல்லவா அது! சைக்கிளில் வேலைக்குப் போய் வந்த தலைமுறைக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. இன்றும் ஸ்டேஷனுக்கும் கடைக்கும் சைக்கிளில் போகலாம். வாரம் இரண்டு நாள், வெயில் ஏறுமுன், மூச்சு வாங்கும்படி மிதிக்கலாம்.

ஆவடிக்காரர்களுக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதை இருக்கிறது. மற்ற நாட்களில் குடும்பத்தோடு நடக்கலாம். நீச்சலுக்கு மட்டும் ஏரியில் இறங்க வேண்டாம். சேறும் ஆழமும் ஆளை விழுங்கும். காவலர் உள்ள நீச்சல் குளமே நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூந்தமல்லிச் சாலையில் ஓட முடியாதா? வீட்டிலேயே பஸ்கி, தண்டால் எடுக்கலாம். மாடிப்படி ஏறி இறங்கலாம். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

இழந்தது திரும்பியது

டல்லஸ் நகரத்து ஐவர் பிறகு என்ன ஆனார்கள்? 50 வயதில் ஆறு மாதம் நடந்தார்கள், ஓடினார்கள், சைக்கிள் மிதித்தார்கள். சிறிது சிறிதாகத்தான் பயிற்சியைக் கூட்டினார்கள். 30 ஆண்டுகளில் இழந்த சக்தி அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது!

மூலையில் தூசி படிந்து கிடக்கும் சைக்கிளை இன்றே துடைத்து வையுங்கள்.